ஜன்னலோரக் கட்டில்

பாஸ்கரன் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு அதே முகத்தோடு என்னைப் பார்த்து, "டீ கெடைக்குமா?" என்றார்.

"கீழ கடையில கெடைக்கும்ங்க. நீங்க போய் வாங்கினா எங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க" என்றேன்.

கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டி, பழைய டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிறுவனம். முதலாளி அழகர்சாமி சார், மதுரைப் பக்கத்துக்காரர். மற்ற எல்லா உத்தியோகமும் முனிலட்சுமி ஆகிய நான். சுவிட்ச் கம்பெனியில் சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியதற்காக என்னை வேலையை விட்டுத் தூக்கினார்கள். இங்கே பேசுவதற்குத்தான் சம்பளம். அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத்தில் எங்களுக்கு வந்த வேலைகள் முக்கால்வாசி ஒரே ரகம். மாப்பிள்ளை கம்பெனியில் பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா என்று பெண் வீட்டுக்காரர்களுக்கு விசாரித்துச் சொல்ல வேண்டும்.

"மாப்பிள்ளை பேரு சொல்லுங்க" என்றார் அழகர்சாமி சார்.

"கொலை முயற்சி" என்றார் பாஸ்கரன்.

சார் கையிலிருந்த வேர்க்கடலையைக் கீழே வைத்தார். எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிருஷ்ணகிரி பக்கம் பாஸ்கரனின் அப்பா ராஜப்பனுக்கு மாம்பழக்கூழ் ஆலை இருக்கிறது. அவருக்கு மாரடைப்பு வந்து ஓசூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில், ஐ.சி.யூ.வில் கிடக்கிறார். ரத்த அழுத்தம் விழாமல் தாங்குவதற்கு ஒரு மருந்து. அதை ஊசிக் குழாயில் நிரப்பி ஒரு சின்ன மோட்டார் மெல்ல மெல்ல நரம்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். சிரிஞ்சு பம்ப் என்று பெயர். அந்தப் பம்ப் அடிக்கடி சாயங்காலத்தில் நின்றுவிடுகிறது. நின்றால் பெரியவரின் உயிர் ஊசலாடும். ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் பார்த்து மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள்.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றார் சார்.

"பெங்களூர்ல இருந்து ஆள் வந்து நாள் பூரா ஓட்டிப் பாத்தாச்சு. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. செகண்ட் ஷிப்ட் நர்ஸ் ஒருத்தி இருக்கா, ஜோதிமணின்னு. எப்ப நின்னாலும் அவ ட்யூட்டிலதான் நிக்குது. அவ தம்பிய போன மாசம்தான் எங்க ஆலைய விட்டு நிறுத்துனோம். போதுமா?"

"அப்ப நாங்க என்ன கண்டுபிடிக்கணும்?"

"ஒண்ணும் வேணாம். நானே கண்டுபிடிச்சாச்சு. துப்பறியும் கம்பெனின்னு உங்க சீல் குத்தி ஒரு ரிப்போர்ட் குடுங்க. சாயங்காலம் எஸ்.ஐ. வர்றாரு. அவர் கையில குடுத்தா அவளக் கூட்டிட்டுப் போயிடுவாரு. பெரிய ஆபீஸுக்குப் போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

மூஞ்சிக்கு நேரே இப்படி ஒருவர் சொன்னால் கோபம் வராதா? எனக்கு வந்தது. சாருக்கும் வந்தது என்பது அவர் அடுத்து பேசியதில் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"ஆகட்டும் ஐயா. ஐயா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து, பெங்களூர் ஸ்டேஷனில் கன்னடப் பாட்டு பாடிக்கொண்டிருந்த எங்கள் ரேடியோ திடீரென்று டகடக, டகடக என்று இரைந்தது. இரைச்சல் தொடங்கிய கையோடு பாஸ்கரனின் சட்டைப்பை மணியடித்தது. செங்கல் மாதிரி ஒரு செல்போனை எடுத்து, "மண்டி முடியட்டும், சாயங்காலம் ரேட் சொல்றேன்" என்று பேசிவிட்டு வைத்தார்.

"எங்க ரேடியோவுக்கு உங்களப் புடிக்கல போலிருக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தமிழ்நாட்டு செல்போன் அப்போது ஓசூருக்கு வந்திருக்கவில்லை. வசதி உள்ளவர்கள் பெங்களூர் செல்போன்தான் வைத்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் எங்கள் ஜூஜுவாடி வரைக்கும் நன்றாக எடுக்கும். ஓசூருக்குள் போகப் போகத் தேய்ந்துவிடும். அதனால் எந்தத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் லைன் கிடைக்கும், எந்தக் கட்டடத்தில் வடக்கு ஜன்னல் நல்ல ஜன்னல் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மொட்டைமாடி விளிம்பில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், தற்கொலையோ என்று யாரும் பதற மாட்டார்கள். வியாபாரம் பேசுகிறார் என்று போய்விடுவார்கள்.

நர்சிங் ஹோமில் எங்களை யாரும் வரவேற்கவில்லை. டாக்டர் சரஸ்வதி அந்த இடத்தின் சொந்தக்காரர். ஸ்டெதாஸ்கோப்பை மேஜையில் போட்ட சத்தமே 'வெளியே போ' என்றது.

"ஏற்கனவே பேரு கெட்டாச்சு. நீங்க வேற எதுக்கு?"

"பேரக் காப்பாத்தத்தான்மா வந்துருக்கோம். ஒரே ஒரு கேள்வி. மெஷின் நிக்கிற நேரத்துல அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்ததை யாராவது கண்ணால பாத்தாங்களா?" என்றார் சார்.

டாக்டர் பதில் சொல்லாமல் மாடியைக் காட்டினார். பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது மாடி. ஐ.சி.யூ. என்று பலகை போட்ட அறைக்குள் மூன்று கட்டில்கள். வடக்கு ஜன்னலோரம் ராஜப்பன் கண்மூடிக் கிடந்தார். அவர் தலைமாட்டில் சிரிஞ்சு பம்ப் ஒரு சிவப்பு விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது. நடுக்கட்டில் காலி. சுவரோரக் கட்டிலில் நெஞ்சில் கட்டுப்போட்ட ஒரு லாரி டிரைவர்.

ஜோதிமணி வாசலிலேயே எங்களை மறித்தாள். அருப்புக்கோட்டைப் பெண். என் வயதுதான் இருக்கும், என்னைவிட ஒரு சாண் குட்டை. கண்கள் அழுது வீங்கியிருந்தன. குரல் மட்டும் குறையவில்லை.

"அந்தாளு அனுப்பிச்ச ஆளுதான நீங்க? நான் நிறுத்தல. எத்தன பேரு கேட்டாலும் இதான் சொல்லுவேன். எழுதுறத எழுதிட்டுப் போங்க."

"உங்க தம்பி வேலை போன கோவம்..." என்று இழுத்தேன்.

"கோவம் இருக்கு. இல்லன்னு யாரு சொன்னா? அதுக்காக மருந்த நிறுத்துவாங்களா? நான் கெட்டவள்னா அமாவாசைக்கு நல்லவளா ஆயிட்டேனாக்கும்? அன்னிக்கும் இதே ட்யூட்டிதான் பாத்தேன். அன்னிக்கு மட்டும் மெஷின் ஒழுங்கா ஓடுச்சே."

இந்தப் பெண் போலீஸ் ஜீப்பில் ஏறிவிட்டால் பிறகு நிரபராதி என்று வந்தாலும் எந்த ஆஸ்பத்திரியும் சேர்த்துக்கொள்ளாது.

"யாருப்பா அது, கூச்சல்?" என்றார் லாரி டிரைவர். திம்மப்பன் என்று கட்டிலில் எழுதியிருந்தது. "மனுசன் நிம்மதியா படுக்க முடியுதா? இல்ல ஒரு பாட்டுதான் கேக்க முடியுதா?"

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் எட்டிப்பார்த்தது.

"பாட்டுக்கு என்ன கேடு?" என்றேன் நான்.

"உனுக்கென்னாம்மா தெரியும். சாயங்காலம் ஆனா இது டகடக டகடகன்னு பேய் புடிச்ச மாதிரி அடிக்கிது. அடிச்ச கொஞ்ச நேரத்துல இந்த நர்சம்மா ஓடுது, டாக்டரம்மா ஓடுது, ஒரே ரகளை. அமாவாசையன்னிக்குத்தான் ஒரு பாட்டு முழுசா கேட்டேன். இந்த ஆஸ்பத்திரியில ரேடியோவுக்கும் ரிப்பேரு."

எங்கள் ஆபீஸ் ரேடியோ அடித்த அதே டகடக. நான் வாயைத் திறந்தேன்.

"லட்சுமி" என்றார் சார் என் காதோரம். "வாய மூடிக்க. இந்தச் சத்தம் எதனாலன்னு ஒரு வார்த்தை நம்ம ரெண்டு பேர் வாயிலயும் வரக்கூடாது."

நான் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்தேன். ராஜப்பன் கட்டிலை ஒட்டிய ஜன்னல் கண்ணாடியில் தலை எண்ணெய்க் கறை. யாரோ தினமும் தலையைச் சாய்த்து நின்ற இடம். நான் எக்கி நின்றால்கூட என் நெற்றிக்கு மேலே இருந்தது. ஜோதிமணி ஸ்டூல் போட்டு ஏறினால் உண்டு. வெளியே வராண்டாவின் வடக்கு ஜன்னலிலும் அதே உயரத்தில் இன்னொரு கறை இருந்தது. அதன்மேல் தூசி படிந்து காய்ந்துபோயிருந்தது. துடைக்கிற வழக்கம் இல்லாத ஆஸ்பத்திரியால் எங்களுக்கு நேர்ந்த ஒரே நன்மை இதுதான்.

சார் இரண்டு கறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மேலே ஏறி வந்த டாக்டரிடம் அவர் கேட்டார். "இந்தக் கட்டிலை உள்ள தள்ளிப் போட்டா என்னம்மா?"

"நானும் அதத்தான் சொன்னேன். எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும், நடுக்கட்டிலுக்கு மாத்தறேன்னு. அவர் மகன் சம்மதிக்கல. அப்பாவுக்கு ஜன்னல் காத்து வேணும்னாரு."

நான் ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். அசையவில்லை. ஏ.சி.க் காற்று வெளியே போகக்கூடாது என்று நாலு பக்கமும் ஆணி அடித்து வைத்திருந்தார்கள்.

எதிர் டீக்கடையில் சார் விளக்கினார். "பக்கத்துல இருக்கவன்ட்ட மெதுவாப் பேசலாம். தூரத்துல இருந்தா தொண்டை கிழியக் கத்தணும். செல்போனும் அப்படித்தான். டவர் தூரமா இருந்தா முழு பலத்தோட கத்தும். நம்ம காதுக்குக் கேக்காது. ரேடியோவுக்குக் கேக்கும். அந்தப் பம்புக்குள்ள இருக்கற மூளைக்கும் கேட்டுத் தொலைக்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வாசல்லயே செல்ல அணைச்சுட்டு வாங்கன்னு பலகை வச்சுருக்கானாம். பேப்பர்ல படிச்சேன். இங்க செல் வந்துருச்சு, பலகை இன்னும் வரல."

"அமாவாசைக்கு மாம்பழ மண்டி லீவு" என்றேன். "ரேட் கெடையாது. ரேட் இல்லன்னா போனும் கெடையாது. மெஷின ரிப்பேர் பாக்க வந்த ஆளு கையில செல்லு இல்ல, அதனால அவன் ஓட்டறப்ப நிக்கல. சரியா சார்?"

"சரி."

"அப்ப இந்த மனுசன் தான் பண்ணுன வேலைக்கு அந்தப் பொண்ண ஜெயில்ல போடப் பாக்கறாரு. இவ்ளோ பெரிய முட்டாளா?"

"முட்டாளா, வேற எதுவுமான்னு அவரே நமக்குச் சொல்லுவாரு" என்றார் சார். டீக்குப் பணம் கொடுக்கச் சொல்லி என்னைப் பார்த்தார். இதை மட்டும் அவர் மறப்பதில்லை.

அடுத்து அவர் டாக்டரைத் தனியாகப் பார்த்து ஏதோ பேசினார். டாக்டர் முதலில் கத்தினார், பிறகு முணுமுணுத்தார், கடைசியில் தலையாட்டினார். திம்மப்பனிடம் பேசும் பொறுப்பு எனக்கு. பாதி கன்னடத்திலும் பாதி தெலுங்கிலும் கெஞ்சினேன். மூன்றாவதாகத் தமிழில் திட்டியபோது ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பாஸ்கரனும் வந்தார். சார் கீழே வரவேற்பறையிலேயே அவர்களை உட்கார வைத்து, மாம்பழ வகைகள், விலை, போன வருஷ விளைச்சல் என்று ஓயாமல் பேசினார். கிருஷ்ணகிரியில் மண்டி முடிகிற நேரம் தாண்டிவிட்டது. பாஸ்கரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக இந்த நேரம் மாடிக்குப் போய்ப் பெங்களூர் ஏஜெண்டுக்கு ரேட் சொல்லியிருப்பார். கையெட்டும் தூரத்தில் நர்சிங் ஹோமின் எஸ்.டி.டி. போன் இருந்தது. அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை என்று வரவேற்பறைப் பெண் எரிச்சலோடு என்னிடம் சொல்லியிருந்தாள்.

"கதை போதும்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "எந்தப் பொண்ணு?"

மேலே போனோம். ஜன்னலோரக் கட்டிலில் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு உருவம் தூங்கியது. பம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. நடுக்கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணித்தட்டி. சாயங்காலம் முழுக்க டாக்டர் உள்ளே விடாத ஜோதிமணி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். காலடியில் அவளுடைய துணிப்பை. எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டாள்.

"ரிப்போர்ட் எங்க?" என்றார் பாஸ்கரன்.

"தயார் ஐயா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. மதுரைக்கு அவசரமா ஒரு வார்த்தை பேசணும். ஐயா செல்லுல நம்பரப் போட்டுக் குடுக்க முடியுமா?"

"கீழ பூத் இருக்கு."

"ஆத்திர அவசரம் ஐயா. இந்த ஜன்னல்ட்ட நல்லா எடுக்குமாமே."

"இங்க வேணாம்." பாஸ்கரன் வாசல் பக்கம் திரும்பினார். "வராண்டாவுக்கு வாங்க, போட்டுத் தர்றேன்."

"ஏன் ஐயா? தினமும் இங்க நின்னுதான பேசுறீங்க?"

பாஸ்கரன் கை சட்டைப்பைக்குப் போனது. செல்லை அணைக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் கட்டிலில் இருந்த தலையணைக்கு அடியில் டகடக, டகடக என்று இரைந்தது. செல் அலறியது. பம்பின் முனகல் நின்றது, சிவப்பு விளக்கு அணைந்தது.

"மெஷின் நின்னுருச்சு" என்று ஜோதிமணி வாசலிலிருந்து ஓடினாள். சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். "விடுங்க சார், அவரு செத்துருவாரு, விடுங்க" என்று அவர் கையைப் பிறாண்டினாள். ஜெயிலுக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தவள், தன்னைப் பிடித்துக் கொடுத்தவனின் அப்பாவுக்காக ஒரு போலீஸ்காரரைப் பிறாண்டுகிறாள்.

பாஸ்கரன் செல்லின் பேட்டரியைப் பிடுங்கியே விட்டார்.

"பெங்களூர் ஏஜெண்டா இருக்கும்" என்றார் சார் நிதானமாக. "ரேட் வரலன்னா அவரு கூப்புடுவாருன்னுதான் ஐயாவைக் கீழ உக்கார வச்சு அறுத்தேன். எஸ்.ஐ. சார், மெஷின் நின்னப்ப இந்தப் பொண்ணு எங்க நின்னா?"

சப்-இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், தன் கையில் இருந்த நகக்கீறலைப் பார்த்தார்.

"இது... இந்தச் செல்லாலயா?" பாஸ்கரனின் முகத்தில் வேர்த்தது. "எனக்கு எப்படிங்க தெரியும்? விவரம் தெரியாமப் பேசிட்டு இருந்துட்டேன். தெரிஞ்சிருந்தா எங்கப்பா பக்கத்துல நின்னு பேசுவனா?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது.

"தெரியாத ஆளா இருந்தா, நான் கேட்டதும் இங்கயே நம்பரப் போட்டுக் குடுத்துருப்பாரு ஐயா" என்றார் சார். "தெரிஞ்ச ஆளுதான் நாலு பேரு பாக்குறப்ப வராண்டாவுக்குக் கூப்புடுவாரு. செல்லுக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் உண்டுன்னு அப்ப வரைக்கும் நாங்க யாரும் உங்ககிட்டச் சொல்லவே இல்லையே."

சார் வராண்டா பக்கம் கையைக் காட்டினார்.

"வராண்டா ஜன்னல்ல உங்க தலை எண்ணெய் தூசி படிஞ்சு கெடக்கு. மொதல்ல அங்க நின்னுதான் பேசிட்டிருந்தீங்க, அங்கயும் லைன் எடுக்குது. என்னிக்கோ ஒருநாள் இங்க நின்னு பேசிருக்கீங்க, மெஷின் நின்னுருக்கு. அது தற்செயல்தான், ஒத்துக்குறேன். அதுக்கப்புறம் நீங்க அந்த ஜன்னலுக்குப் போகவே இல்ல. ஆணி அடிச்ச ஜன்னல்ல அப்பாவுக்குக் காத்து வாங்குனீங்க."

"ஆலைய அவரு விக்கவும் மாட்டாரு, விடவும் மாட்டாரு" என்று பாஸ்கரன் கத்தினார். "வாங்க ஆள் தயாரா நிக்குது. சாகக் கெடந்தும் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. நான் என்னாத்த கையால தொட்டேன்? போன் பேசுனேன். போன் பேசறது குத்தமா?"

சப்-இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். துணிப்பை வைத்திருப்பவளைப் பிடிக்க வந்தவர், கார் வைத்திருப்பவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு தொல்லை பாருங்கள். "வாங்க சார், ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்று பாஸ்கரனின் தோளில் கை வைத்தார்.

போர்வை விலகியது. திம்மப்பன் எழுந்து உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பம்பின் குழாய் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள் போயிருந்தது.

"முடிஞ்சுதா? மூச்சு முட்டுது. இந்தாளு செல்லு பக்கத்துல படுக்கறதுக்கு மறுபடியும் லாரியிலயே மோதிக்கலாம்" என்றார்.

பாஸ்கரன் அவரையே பார்த்தார். "எங்கப்பா எங்க?"

டாக்டர் சரஸ்வதி உள்ளிருந்து பச்சைத் தட்டியை ஒதுக்கினார். நடுக்கட்டிலில் ராஜப்பன் படுத்திருந்தார். பம்ப் எதுவும் இல்லை. தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலிலிருந்து டாக்டரே கையால் சொட்டை அளந்து விட்டுக்கொண்டிருந்தார். தூக்க மருந்து எதுவும் கொடுத்திருக்கவில்லை போல. பெரியவரின் கண்கள் திறந்திருந்தன.

பாஸ்கரனை வெளியே கூட்டிப்போனார்கள். பூட்ஸ் சத்தம் படியிறங்கி ஓயும்வரை பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஜோதிமணியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. ஜோதிமணி அவரைத் தாண்டி வந்து, சொட்டு விடுகிற குழாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மெஷினுக்கு மருந்து ரொப்பிடறேன்" என்றார் டாக்டர் மெதுவாக. "இனி இந்த மாடியில செல்போனே கெடையாது. இவரப் பழைய எடத்துக்கே மாத்திரலாமா?"

ராஜப்பன் கையை லேசாக ஆட்டினார். ஜோதிமணி குனிந்து காதைக் கொடுத்தாள். குரல் தேய்ந்திருந்தாலும் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தெனமும் சாயங்காலம் வந்துருவான். வேலையெல்லாம் விட்டுட்டு என்னப் பாக்க வர்றான்னு நெனச்சிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஜன்னல் வேணாம்மா. நான் இங்கயே இருந்துக்கறேன்."